வெளியில் வாங்கச் சொல்லும் துண்டு: எங்கள் மருத்துவச் செலவு கூடும் இடம்

பெரியம்மாவின் கிளினிக் கொப்பிக்கு உள்ளே, அட்டையோடு சேர்த்து, சின்னச் சின்னத் துண்டுகள் ரப்பர் பட்டி போட்டுக் கட்டி இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை தரம். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இல்லாததை வெளியில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவை. மட்டக்களப்பு மாவட்டத்து மண்டூரில் நாலு மணிக்கு எழும்பி, பாதையில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்து (ஓடத்தை எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வோம்), அங்கிருந்து பஸ் பிடித்து, வரிசையில் நின்று, நம்பர் எடுத்து, மத்தியானம்போல் கையில் மூன்று வகைக் குளிசையும் இரண்டு துண்டுமாக வெளியே வருவார். சீனி வருத்தம், பிறஷர், கொழுப்பு. எங்கள் ஊரில் அறுபது தாண்டிய பாதிப் பேருக்கு இருப்பவைதான்.

"இலவச ஆஸ்பத்திரிக்குத்தானே போய்வாறன் மனே, காசு எங்க போகுதெண்டு எனக்கே விளங்குதில்ல" என்றார் ஒருநாள். அன்றைக்குத்தான் துண்டுகளையும் பாமசி பில்களையும் பாயில் பரப்பி வைத்துக் கூட்டிப் பார்த்தேன். வாங்காமல் விட்ட துண்டுகளும் அதற்குள் இருந்தன. பிறஷர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறார். "அப்பிடிப் போட்டா ரெண்டு மாசத்துக்கு வரும்தானே."

மருத்துவச் செலவு என்றதும் நாங்கள் கொழும்பில் செய்யும் பெரிய ஒப்பரேசனை, லட்சக்கணக்கான பில்லை நினைக்கிறோம். அது வருகிறபோது உண்மையிலேயே வீட்டைப் புரட்டிப் போடும். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்பாலான குடும்பங்களின் கையிலிருந்து காசு கழலுவது மாதாமாதம் வரும் இந்தத் துண்டுகளில். அதற்குப் பின்னால் வரும் இரத்தச் சோதனையில், சனலில் (தனியாரில் காசு கட்டி விசேட வைத்தியரைப் பார்ப்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம்), ஓட்டோவில். குறைக்க முடிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இலங்கையில் அரச வைத்தியசாலைக்குப் போனால் டொக்டருக்கோ வாட்டுக்கோ சத்திரசிகிச்சைக்கோ காசு கட்டுவதில்லை. அப்படி இருந்தும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 40 வீதத்துக்கும் மேல் மக்களின் சொந்தப் பையிலிருந்துதான் போகிறது. மருந்து, சோதனை, தனியார் டொக்டர் கட்டணம் என்று சிறு சிறு தொகைகளாகப் போவதால் அது யாருக்கும் ஒரு பெரிய தொகையாகத் தெரிவதில்லை.

துண்டு ஏன் இவ்வளவு பாரமானது என்று விளங்க 2022க்குப் போக வேண்டும். நாங்கள் போடும் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி, அதிலும் அதிகம் இந்தியாவிலிருந்து. அந்த வருடம் மார்ச் மாதத்தில் ரூபாய் விழத் தொடங்கியது. சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. மார்ச்சிலேயே மருந்துகளின் விலை 29 வீதம் கூட்டப்பட்டது. ஏப்ரல் கடைசியில் 60 மருந்துகளின் உச்ச விலை இன்னும் 40 வீதம் கூடியது. அதே நேரம் டொலர் இல்லாமல் அரச வைத்தியசாலைகளின் இருப்பும் வற்றியது. ஒரு பக்கம் கவுண்டரில் மருந்து இல்லை, மறுபக்கம் கடையில் விலை ஏறிவிட்டது. 2023 ஜூனில் 60 மருந்துகளின் விலையை 16 வீதம் குறைத்தார்கள். ஏறுமுன் இருந்த இடத்துக்கு விலை திரும்பி வரவில்லை. வரிசைகளும் பெற்றோல் தட்டுப்பாடும் மறந்துபோனாலும், துண்டு எழுதும் பழக்கம் மட்டும் கிளினிக்குகளில் தங்கிவிட்டது.

சரி, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பாமசிக்குப் போகிறோம். அங்கே நடப்பதைத்தான் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

பெரியம்மாவோடு நானும் போனேன். கவுண்டரில் நின்ற தம்பி துண்டைப் பார்த்தார், ஒரு லாச்சியைத் திறந்தார், ஒரு காட்டை (குளிசை அட்டையை) எடுத்து முப்பது குளிசையைக் கத்தரியால் வெட்டி உறைக்குள் போட்டு விலையைச் சொன்னார். பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். நான், "தம்பி, இதே மருந்தில விலை குறைஞ்சது வேற இருக்கா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. பக்கத்து லாச்சியைத் திறந்தார். அதே மருந்து, அதே மில்லிகிராம், வேறு கம்பனி. முதலாவதன் விலையில் பாதிகூட இல்லை. "கேக்காட்டி நாங்க வழமையாப் போறதக் குடுப்பம்" என்றார். அவ்வளவுதான்.

காட்டில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கும்: மெற்போமின், லொசாட்டன், அட்டோவஸ்ரற்றின் என்று. உடம்புக்குள் வேலை செய்வது அந்தச் சின்ன எழுத்து. ஒரே பொதுப்பெயரில் பல கம்பனிகளின் குளிசைகள் இங்கே பதிவு பெற்று விற்பனைக்கு இருக்கின்றன. விலை மட்டும் ஏணிப்படி மாதிரி. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், அதாவது தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையை உண்டாக்கிய சட்டம், டொக்டர் மருந்து எழுதும்போது பொதுப்பெயரை எழுத வேண்டும் என்கிறது. ஆகவே குறைந்த விலையில் உள்ளதைக் கேட்பதற்கு நாங்கள் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இந்த வழியை எங்களுக்குத் திறந்துவிட்டவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. மருந்தியல் பேராசிரியர். 1971இல் டொக்டர் எஸ்.ஏ.விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் கொடுத்த அறிக்கையின் வழியாகவே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது. கம்பனிப் பெயர்களால் பெருகிக் கிடந்த 2,000க்கும் மேற்பட்ட மருந்துகளைச் சுமார் 600 ஆக்கி, பொதுப்பெயரில், உலகச் சந்தையில் விலை கேட்டு மொத்தமாக வாங்கினால் ஏழை நாடும் தன் மக்களுக்கு மருந்து கொடுக்கலாம் என்று காட்டினார். 1977இல் கயானாவில் பணியில் இருந்தபோது இறந்துபோனார். அவர் பெயரைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைதான் ஒசுசல. மட்டக்களப்பு நகருக்கு வேறு வேலையாகப் போகும் நாளில் துண்டையும் கொண்டுபோனால் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரத்மலானையில் உள்ள அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் செய்யும் குளிசைகளும் உண்டு, பாமசியில் எஸ்.பி.எம்.சி. என்று கேட்டால் விளங்கும். அவை பெரும்பாலும் மலிவு.

ஒரு எச்சரிக்கை. எல்லா மருந்தையும் இப்படிக் கண்டபாட்டில் மாற்றக் கூடாது. வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் கொடுக்கும் வோபரின், தைரொயிட் குளிசை, சிறுநீரகம் மாற்றியவர்கள் போடும் மருந்து ஆகியவற்றில் அளவு கொஞ்சம் பிசகினாலும் விளைவு பெரிது. ஒரு கம்பனியில் தொடங்கினால் டொக்டரைக் கேட்காமல் இன்னொன்றுக்குத் தாவ வேண்டாம். இன்னொன்று, வெட்டிக் கொடுக்கும் காட்டில் காலாவதித் திகதி உள்ள பகுதி கடைக்காரரிடமே தங்கிவிடும். முழுக் காட்டையும் ஒரு தடவை வாங்கிப் பார்த்து, திகதியையும் பெட்டியில் அச்சடித்த உச்ச விலையையும் படித்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். பில் கேளுங்கள். அச்சடித்த விலைக்கு மேல் எடுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம்.

பாமசியில் கேட்பதைவிடப் பலன் கூடிய இடம் ஒன்று உண்டு. அது டொக்டரின் மேசை. துண்டு எழுதப்படும் அந்த அரை நிமிடம். "டொக்டர், இது ஆஸ்பத்திரியில இருக்கிற மருந்தா, வெளியில வாங்கிறதா? என்னால வாங்க ஏலாது, இதுக்குப் பதிலா உள்ளுக்கு இருக்கிறது ஏதும் இருக்கா?" இந்தக் கேள்விக்காகவே ஒரு பந்தி எழுதலாம் என்று நினைக்கிறேன். பிறஷருக்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் பல உண்டு. இருப்பில் இருப்பது எது என்று தெரிந்தால் அநேக டொக்டர்மார் அதையே எழுதுவார்கள். பேனா மாதிரி வரும் இன்சுலின் வெளியில் வாங்கினால் கையைக் கடிக்கும். குப்பியில் வரும் பழைய வகை இன்சுலினைக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், பலருக்கு அதுவே போதும். துண்டில் ஐந்து மருந்து இருந்தால் எது வருத்தத்துக்கு, எது சத்துக்கு என்றும் கேட்க வேண்டும். காசு தட்டுப்பட்டால் விற்றமினை விடலாம். பெரியம்மா செய்தது அதற்கு நேர்மாறு: சத்துக் குளிசையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு பிறஷர் குளிசையைப் பாதியாக்கினார். பிறஷர் மருந்தில் மிச்சம் பிடித்த காசு, ஒரு கை கால் இழுத்துக்கொண்டு வாட்டில் கிடக்கிற நாளில், அல்லது வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் டயாலிசிசுக்கு அலைகிற நாளில் எந்த மூலைக்குக் காணும்? அவரிடம் இதைச் சொன்னபோது அவர் அழுதார், நானும்தான்.

அப்புறம் சோதனைகள். கிளினிக்கில் ஒன்று, சனலில் இன்னொன்று, வாட்டில் மூன்றாவது என்று ஒரே இரத்தச் சோதனையை ஒரே மாதத்தில் மூன்று தரம் செய்தவர்களை எனக்குத் தெரியும். காரணம் சின்னது, பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுபோகவில்லை. எல்லா ரிப்போர்ட்டையும் திகதி வாரியாக ஒரு பைலில் போட்டு, அந்தப் பைல் இல்லாமல் எந்த டொக்டரிடமும் போகாமல் இருந்தால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும். மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி. சோதனை, சீனி கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு வருடத்தில் இரண்டு தரம் போதும். "முழு உடம்புச் செக்கப்" என்று விளம்பரம் செய்கிற பக்கேஜுகள் வருத்தம் ஒன்றும் இல்லாதவருக்கு அநேகமாகத் தேவையில்லை. 35 வயது தாண்டியவருக்குச் சீனி, பிறஷர், நிறை எல்லாம் இலவசமாகப் பார்ப்பதற்கென்றே அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் இருக்கின்றன, 2011இலிருந்து. எங்கள் ஆண்கள் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை என்பது வேறு கவலை.

மாரி மழைக்குப் பின்னால் டெங்குக் காய்ச்சல் வரும் மாதங்களில், காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் தனியார் லேப்பில் இரத்தம் குத்திக்கொண்டிருக்க வேண்டாம். அரச வாட்டில் சேர்ந்துவிட்டால் அதே சோதனையை இலவசமாக, தேவைப்படும்போதெல்லாம் செய்வார்கள். உயிருக்கும் அதுதான் பாதுகாப்பு.

சனல் பற்றி ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் நாங்கள் காசு கட்டிப் பார்க்கும் விசேட வைத்தியர், காலையில் பெரும்பாலும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ, கல்முனையிலோ, அம்பாறையிலோ கிளினிக் செய்தவர்தான். அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்கலாம் என்ற அனுமதி 1977இலிருந்து இருக்கிறது. ஆகவே நாங்கள் காசு கொடுப்பது கூடுதல் கெட்டித்தனத்துக்கு என்று எண்ண வேண்டியதில்லை. வரிசை இல்லாததற்கும், கதிரைக்கும், ஐந்து நிமிடம் கூடுதலாகக் கதைப்பதற்கும் கொடுக்கிறோம். அதற்கும் பெறுமதி இருக்கிறது, நான் மறுக்கவில்லை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒருநாள் வரிசையில் நின்றால் அந்த நாள் சம்பளம் போய்விடும்; அவருக்குச் சனல்தான் மலிவாகக்கூட இருக்கலாம்.

ஆனால் சனலை வாசலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். காத்தான்குடி நண்பர் ஒருவரின் வாப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சனலில் பார்த்த டொக்டர், ஒப்பரேசன் வேண்டும், இங்கேயே செய்யலாம் என்று ஒரு தொகை சொன்னார். நண்பர் காணியை ஈடு வைக்க ஆள் தேடத் தொடங்கிவிட்டார். அவருடைய ராத்தாதான் திரும்பிப் போய், "டொக்டர், இதே ஒப்பரேசன அரச ஆஸ்பத்திரியில நீங்களே செய்யேலாதா?" என்று கேட்டிருக்கிறார். "ஏலும், ஆனா ஆறு வாரம் பொறுக்கணும். இந்த வருத்தத்துக்குப் பொறுக்கலாம்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதே கை, அதே கத்தி. பொறுக்க முடியாத வருத்தங்களும் உண்டு. எது எப்படி என்று சொல்ல வேண்டியவர் டொக்டர். கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

தனியாரில்தான் சேர வேண்டிவந்தால், சேரும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்: அறை, டொக்டரின் ஒவ்வொரு வருகை, சத்திரசிகிச்சைக் கூடம், மயக்க மருந்து வைத்தியர், மருந்து எல்லாம் அதில் அடங்குகிறதா என்று கேட்டு. வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் காலையில் சொன்ன பிறகும் பில் ஆயத்தமாவதற்குள் மாலையாகி, இன்னொரு நாள் அறைக் காசு ஏறுவதுண்டு. முதல் நாளே சொல்லி வைத்தால் தடுக்கலாம். மொத்தத் தொகை மட்டும் உள்ள பில்லை ஏற்காமல் விபரமான பில் கேட்டு, வராத மருந்தும் பாவிக்காத ஊசியும் அதில் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் பில்லில் இல்லாத ஒரு நாள் இருந்தது. காட்டியதும் திருத்திக் கொடுத்தார்கள்.

போன காசைத் திரும்ப எடுக்கும் வழிகளும் உண்டு. அரச ஊழியர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் கழிகிறது, ஆனால் ஆசிரியர்களாக இருக்கிற என் நண்பர்களில் எத்தனையோ பேர் ஒரு தரமும் கோரியதில்லை. மூல பில்லும் டயக்னோசிஸ் கார்ட்டும் (வாட்டிலிருந்து வீட்டுக்கு விடும்போது வருத்தத்தை எழுதித் தரும் அட்டை) இல்லாமல் எதுவும் நடக்காது, காலக்கெடுவும் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017இல் தொடங்கிய சுரக்ஷா காப்புறுதி இருக்கிறது. பிள்ளை வாட்டில் கிடந்தால் அதிபரிடம் போய்ப் படிவம் கேளுங்கள். குறைந்த வருமானமுள்ள சிறுநீரக நோயாளருக்கு மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. இதய ஒப்பரேசன், சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்ற பெரிய செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. முன்னர் இதற்காகக் கொழும்புக்கு ஏறி இறங்க வேண்டும். அந்தப் பயணத்துக்கே கடன்பட்டவர்கள் உண்டு. 2025 பெப்ரவரியிலிருந்து விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். வெல்லாவெளியில் இருப்பவர் வெல்லாவெளியிலேயே கொடுக்கலாம். இதை ஊருக்குள் இன்னும் நிறையப் பேருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒப்பரேசன் திகதி வருமுன்பே போய் விசாரியுங்கள்.

பயணச் செலவு, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரருக்குத் தனிக் கணக்கு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்குப் பெரிய ஆறுதல். மண்டூர்ப் பக்கம் பாதையை நம்பியே நாட்கள் போயின. வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கும் நோயாளி, பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்கிலிருந்து கிட்டத்தில் உள்ள பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றித் தரும்படி கடிதம் கேட்கலாம்; ஒவ்வொரு மாதமும் ஒருநாளும் பஸ் காசும் மிஞ்சும். அவசரத்துக்கு வான் பிடித்து ஆயிரக்கணக்கில் கொடுப்பதை விட 1990க்குப் போன் எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், உள்ளே பயிற்சி பெற்ற ஆள் இருப்பார், கிட்டத்தில் உள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள்.

போன மாதம் கிளினிக்குக்கு நானும் போனேன், ஆனால் வாய் திறக்கவில்லை. பெரியம்மாதான் கதைத்தார். இளம் டொக்டர், மகள் வயது இருக்கும். பேனாவைத் தூக்கியதும் பெரியம்மா, "மகள், இது உள்ளுக்கு இருக்கிற குளிசையா, வெளியிலயா?" என்று கேட்டார். டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் ஒட்டியிருந்த இருப்புப் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார். எழுதியதை வெட்டி வேறொன்றை எழுதினார். கொழுப்புக் குளிசை மட்டும் கையிருப்பில் இல்லை என்று அதற்கு ஒரு துண்டு கொடுத்தார். அந்த மாதம் ஒரே ஒரு துண்டு. அதைப் பாமசியில் நீட்டும்போது, நான் சொல்லிக்கொடுக்காமலே, "தம்பி, விலை குறைஞ்சதாப் பாத்துத் தா" என்றார். பாதை அக்கரையில் நின்றது. வரும்வரை கரையில் இருந்து, மிஞ்சிய காசில் இரண்டு பிளேன்ரீ குடித்தோம்.